சுத்தியலைப் பிடித்திருந்த கட்டைவிரல்

செவ்வாய்க் கிரகத்தில் பல் துலக்குவதற்கு முன் சுவரைக் கேட்க வேண்டும். அது சட்டம். வீட்டுக்கு ஒருவர் வெளிச்சுவரில் காதை ஒட்டி ஒரு நிமிடம் நிற்பார். காற்று கசியும் சீறல் எதுவும் கேட்காவிட்டால் பதிவுப் பலகையில் கைவைத்து 'மௌனம்' என்பார். அன்றைக்கு மூச்சு விடலாம் என்று அர்த்தம். நெய்தல் குடியிருப்பின் நான்காம் கூடத்தில் சந்தியாகு இதை இருபது வருடமாகச் செய்துவந்தான்.

சுவரின் கனம் இரண்டு விரல். அதற்கு அப்பால் காற்று கிடையாது. அதனால் எதையும் துளைக்கக்கூடிய பொருள் அங்கே தடை. தையல் ஊசிக்குக்கூட உரிமம் வேண்டும்.

அப்படிப்பட்ட ஊரில் சந்தியாகுவுக்குக் கைத்துப்பாக்கி மேல் பித்து. சுட வேண்டும் என்றெல்லாம் ஆசை இல்லை. உருளை சுழல்வதும் தோட்டாவை அடிக்கும் சுத்தியல் பின்னால் போய் நிற்பதும் அவனுக்கு அழகாகத் தெரிந்தன. எல்லாம் படத்தில் பார்த்ததுதான். பம்பு பழுது பார்க்கும் வேலை முடிந்து வந்தால் பழைய வரைபடங்களோடு உட்கார்ந்துவிடுவான். அவன் மனைவி ரெஜினாவுக்கு இந்தப் பழக்கம் பிடிக்காது. ஆனாலும் படம்தானே என்று விட்டுவிட்டாள்.

பூமியில் 'பழங்கைத்துப்பாக்கிச் சேகரிப்பாளர் அவை' என்று ஓர் இணையக் குழு இருந்தது. சந்தியாகு அதில் சேர்ந்தான். படிவத்தில் நாடு என்ற இடத்தில் செவ்வாய் இல்லை. 'பிற' என்று போட்டான். அவன் எழுதுவது பூமிக்குப் போய்ச் சேர பன்னிரண்டு நிமிடம், பதில் வர இன்னொரு பன்னிரண்டு. முதல் நாளே அறுபது பேர் வரவேற்றார்கள். என்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். ஒன்றுமில்லை, இங்கே தடை என்று எழுதினான். துக்கம் விசாரிக்கிற மாதிரி பதில்கள் வந்தன. அவர்களில் ஒட்டாவியோ என்ற பிரேசில்காரர் மனம் தாங்காமல், தன்னிடமிருந்த ஒரு பழைய சுழல்துப்பாக்கியை அனுப்புவதாகச் சொன்னார். குழல் அடைக்கப்பட்டது, வெறும் அலங்காரப் பொருள் என்று உறுதி கொடுத்தார்.

ஏழு மாதம் கழித்து, பம்பு உதிரிப் பாகங்களுக்கு நடுவே ஒளிந்து அது வந்து சேர்ந்தது. அன்று இருவருக்கும் விடுமுறை. காலைச் சாப்பாடு முடிந்ததும் சந்தியாகு பெட்டியைப் பிரித்தான். கனம் அவனைத் திகைக்க வைத்தது. படத்தில் கனம் தெரியாது. ஆயிரம் முறை மனத்தில் செய்துபார்த்த மாதிரியே கட்டைவிரலால் சுத்தியலைப் பின்னால் இழுத்தான்.

அப்போதுதான் உருளையின் இடுக்கில் பித்தளை மின்னியது. குழலுக்கு நேராக ஒரு தோட்டா இருந்தது. குழல் அடைக்கப்படவும் இல்லை.

சுத்தியலை நிறுத்திவைக்கும் பல் தேய்ந்துபோயிருந்தது. விரலை எடுத்தால் விழும் என்பது விரலுக்கே தெரிந்தது. மெதுவாக இறக்கலாமா, இறக்கினால் வெடிக்குமா? எத்தனையோ வரைபடம் பார்த்தவனுக்கு அது தெரியவில்லை. எந்தப் பக்கம் திருப்பினாலும் ஆபத்து. முன்னால் வெளிச்சுவர், பின்னால் பக்கத்து வீடு, மேலே அதே கனத்தில் கூரை, காலுக்குக் கீழே மூச்சுக்காற்றுக் குழாய்.

காவலரைக் கூப்பிடலாம் என்றாள் ரெஜினா. ஆனால் துளை அபாயம் என்று ஒரு சொல் அவர்கள் காதில் விழுந்தால் போதும், கூடத்தின் கதவுகள் தாமாகப் பூட்டிக்கொள்ளும். உள்ளே இருக்கும் முப்பத்தொரு பேரும் உள்ளேயேதான்.

"அவையில கேளு," என்றான். "அவங்களுக்குத் தெரியாதது இல்ல."

அவன் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். தோட்டா இருக்கிறது, விரலால் பிடித்திருக்கிறேன், எப்படி இறக்குவது, உயிர் போகிற விஷயம். கூடவே ஒரு படமும் எடுத்து அனுப்பினாள். இருபத்தைந்து நிமிடம் சுவரைப் பார்த்தபடி நின்றார்கள்.

முதல் பதில், என்ன அழகான மெருகு என்றது. இரண்டாவது, இது 1893ஆம் வருடத்து வார்ப்பு என்றது. மூன்றாமவர் அதை மறுத்து 1896 என்றார். கைப்பிடியின் திருகு அசல் இல்லை என்று நான்காமவர் கண்டுபிடித்தார். ஒட்டாவியோவோ, தன் பொருளைப் போலி என்று சொன்னதற்கு அந்த நான்காமவர் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார்.

ரெஜினா திரும்பவும் எழுதினாள். இன்னொரு இருபத்தைந்து நிமிடம். இந்த முறை குழுவின் நடத்துனரே பதில் போட்டிருந்தார். பாதுகாப்புக் கேள்விகளுக்குத் தனிப் பகுதி இருக்கிறது, புதிய உறுப்பினர்கள் ஒரு வருடத்துக்குப் பிறகே அங்கே எழுதலாம்.

சந்தியாகுவின் கட்டைவிரல் வெளுத்துவிட்டது. "என்னால முடியல ரெஜினா," என்றான்.

அவள் போய்த் தன் மூச்சுமுகமூடியை எடுத்து வந்தாள். ஆளுக்கு ஒன்றுதான் கொடுப்பார்கள். சுவர் ஓட்டையானால் அது இருப்பவர்தான் பிழைப்பார். கத்தரி வைத்துக்கொள்ள உரிமம் இல்லை. முகமூடியின் ரப்பர் விளிம்பைப் பல்லால் கடித்து இழுத்துப் பிய்த்தாள். மூன்றாக மடித்துச் சுத்தியலுக்கும் தோட்டாவுக்கும் நடுவே திணித்து விரலால் பிடித்துக்கொண்டாள்.

"விடுங்க," என்றாள்.

"உன் விரல எடு."

"எடுத்தா ரப்பர் நழுவிரும். விடுங்க."

விட்டான். சுத்தியல் ரப்பரில் இறங்கியது. அவள் நகம் நசுங்கியது. வேறு சத்தம் எதுவும் இல்லை.

அதற்கப்புறம் அவளே காவல் நிலையத்துக்கு நடந்துபோய் நடந்ததைச் சொன்னாள். காவலர்கள் வந்து துப்பாக்கியை எடுத்துப்போனார்கள், அன்று மதியமே உருக்கிவிட்டார்கள். தோட்டா வெடிக்கக்கூடியதுதான் என்று அறிக்கையில் இருந்தது. சந்தியாகுவுக்கு இரண்டு வருடம் பனிச்சுரங்க வேலை, திங்கட்கிழமை புறப்பட வேண்டும். வேறு முகமூடி வரும்வரை ரெஜினா அது இல்லாமல் இருக்க வேண்டும்.

புறப்படுவதற்கு முன் அவையிலிருந்து விலகுவதாக எழுத அவன் உட்கார்ந்தான். அவனுடைய கேள்விக்குக் கீழே இருநூற்றுப் பதினான்கு பதில்கள் சேர்ந்திருந்தன. ஒன்றுவிடாமல் படித்தான். வெடித்ததா என்று யாரும் கேட்கவில்லை. 'நீங்களெல்லாம் மனிதர்களா?' என்று தொடங்கினான். எழுதும்போதே கடைசிப் பதில் கண்ணில் பட்டது. கைப்பிடித் திருகு பின்னால் மாற்றப்பட்டதுதான், சந்தேகமே இல்லை என்று ஒருவர் அடித்துச் சொல்லியிருந்தார்.

சந்தியாகு ஒரு மணி நேரத்துக்கு மேல் அந்தத் திருகை உள்ளங்கையில் அழுத்திப் பிடித்திருந்தவன். எழுதியதை அழித்தான். படத்தை வைத்துப் பேசுகிறவர்களுக்குத் தெரியாது, நான் கையில் பிடித்தவன், திருகு அசல்தான் என்று தொடங்கி மளமளவென்று நான்கு பத்தி எழுதி அனுப்பினான்.

விரலில் கட்டோடு ரெஜினா பின்னால் வந்து நின்றாள். "நாம உசுரோட இருக்கோம்னு சொல்லிட்டீங்களா?"

"இரு, திருகுக்கு என்ன சொல்றாங்கன்னு பாத்துட்டு எழுதறேன்," என்று அவன் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னான். பதில் வர இன்னும் இருபத்து மூன்று நிமிடம் இருந்தது.