உள்பக்கம் பார்ப்பவள்

கல்லூரிக் கூரை ஒழுக ஆரம்பித்ததால், ஃபேஷன் டிசைன் கடைசி வருட மாணவிகள் இருபத்திரண்டு பேரையும் ஆறு வாரத்துக்கு ஒரு பழைய கார்மெண்ட்ஸ் ஃபேக்டரியின் மூன்றாவது மாடிக்கு மாற்றினார்கள். மத்தியானம் இரண்டு மணிக்குத் துணிச் சுருளும் டம்மி பொம்மைகளுமாகப் படியேறினோம். நீளமான ஹால். மெஷின் எண்ணெயும் தீய்ந்த துணியும் கலந்த வாடை. ஜன்னல் கண்ணாடிக்குச் சாம்பல் பெயிண்ட் அடித்திருந்ததால், வெளிச்சம் கழுவின தண்ணீர் மாதிரி உள்ளே வந்தது.

"செம வைப் இல்ல?" என்றாள் ஒருத்தி.

இந்த ஜென்மங்களோடுதான் மூன்று வருடம் குப்பை கொட்டியிருக்கிறேன். 'கான்செப்ட்' என்று அரை மணி நேரம் மூச்சு விடாமல் பேசுவார்கள். பாபினில் நூல் சுற்றச் சொன்னால் திருதிருவென்று முழிப்பார்கள். அதிலும் என் பக்கத்து மேஜைக்காரி இருக்கிறாளே, பட்டப்பெயர் மகாராணி. இவள் படம் வரைவாள், வெளியே யாரோ ஒரு டெய்லர் தைத்துத் தருவார், மார்க் இவளுக்கு. நான் அப்படி இல்லை. என் தையலில் குறை சொல்ல ஒருத்தி பிறந்து வரவேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவள் பிறந்து, செத்தும் போயிருந்தாள்.

மூன்றாம் நாள் காலை மகாராணியின் கவுன் முழுக்கச் சிவப்பு ஸ்டிக்கர். நகத்தளவு அம்புக்குறிகள், மொத்தம் ஒன்பது. எங்களுக்கு வெட்டும் தையலும் சொல்லிக்கொடுக்கிற பேட்டர்ன் மாஸ்டர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"இது செக்கிங் அம்பு. ஃபேக்டரியில தப்பு இருக்கிற இடத்துல ஒட்டுவாங்க." ஒவ்வொரு அம்பாகத் தடவினார். "ஒட்டினது யாரா இருந்தாலும் வேலை தெரிஞ்ச ஆளு. ஒன்பதும் கரெக்ட்."

எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். நான் சிரித்தேன். மறுத்துப் பேசுகிற அளவுக்கு அவர்கள் எனக்குப் பெரிதில்லை.

தினமும் காலையில் அம்புகள் இருந்தன. கழுத்து வளைவில், ஜிப் ஓரத்தில், மடிப்பில். என் உடுப்பில் மட்டும் ஒன்றுகூட இல்லை. ஒருநாள் எல்லா உடுப்புகளும் உள்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பிப் போடப்பட்டிருந்தன. பிசிறும் முடிச்சுமாக, தோலுரித்த மாதிரி தொங்கின. அன்றைக்குத்தான் வாட்ச்மேன் வாயைத் திறந்தார்.

"இங்க ஒரு செக்கரம்மா இருந்தாங்க. கடைசி மேஜை. ஒரு பீஸ்கூட சும்மா விட மாட்டாங்க. அந்த நாற்காலியிலேயே உயிர் போயிருச்சு. ரெண்டு மணி நேரம் யாருக்கும் தெரியல. செத்தவங்க முன்னாடி பீஸைக் குவிச்சுக்கிட்டே இருந்திருக்காங்க."

பாதிப் பேர் வீட்டுக்கு ஓடிவிட்டார்கள். கோழைகள். எனக்கு உள்ளுக்குள் பெருமைதான். செத்தவளுக்காவது என் வேலையின் அருமை தெரிகிறதே.

நான் எதிர்பார்க்காதது ஒன்று நடந்தது. மகாராணி டெய்லரை நிறுத்திவிட்டு, அம்பு காட்டின இடங்களைத் தானே பிரித்துத் தைக்க ஆரம்பித்தாள். விரலெல்லாம் பிளாஸ்டர்.

"ஏய், இந்த ஜிப்பை மட்டும் எப்படி வைக்கிறதுன்னு சொல்லிக்குடேன்" என்று என்னிடமே வந்து நின்றாள்.

"உன் டெய்லர்கிட்ட கேளு."

அவள் தன் மேஜைக்குத் திரும்பிப் போனாள். ஆறு தடவை பிரித்து ஏழாம் தடவை வைத்தாள். கடைசி வருட ஃபேஷன் ஷோவுக்கு இரண்டு நாள் முன்பு அவள் கவுனில் அம்பே இல்லை. ஷோவுக்கு வருகிற கம்பெனி ஒருத்தியை மட்டும்தான் வேலைக்கு எடுக்கும். அந்த இடம் என்னுடையது என்று முதல் வருடமே முடிவு செய்து வைத்திருந்தேன்.

மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனார்கள். தையல் பிரிக்கும் ஊசியை எடுத்தேன். கவுனின் இடுப்பில், உள்பக்கமாக, மூன்று தையலுக்கு ஒன்று என்று அறுத்தேன். நிற்கும்போது தெரியாது. நடந்தால் பிளந்துகொள்ளும்.

"ச்சு."

என் காதுக்குப் பின்னால், நாக்கைத் தட்டின சத்தம்.

திரும்பினேன். யாரும் இல்லை. கடைசி மேஜையின் ட்யூப் லைட் மட்டும் எரிந்துகொண்டிருந்தது. நான் போடவில்லை.

ஊசி பிடித்த கட்டைவிரலில் ஒரு சிவப்பு அம்பு.

உரித்து எறிந்தேன். மணிக்கட்டில் ஒன்று. அதை உரிப்பதற்குள் முழங்கையில் ஒன்று. அவை ஏறி வந்துகொண்டிருந்தன.

பிறகு அந்த விரல்கள்.

பின்கழுத்தில் ஆரம்பித்து முதுகெலும்பு வழியாக மெதுவாக இறங்கின. அவசரமே இல்லை. தையல் எங்கே விட்டிருக்கிறது என்று தடவிப் பார்க்கிற விரல்கள். குளிர்ந்த மெஷின் எண்ணெய் வாடை.

"திருப்பு" என்றது குரல். களைத்துப்போன, சலித்துப்போன குரல். "உள்பக்கம் காட்டு."

துணியைச் சொல்லவில்லை.

அப்படியே கீழே உட்கார்ந்து, மகாராணியின் கவுனை மடியில் இழுத்து, அறுத்த இடத்தையெல்லாம் கையாலேயே தைத்தேன். அழுதுகொண்டே தைத்தேன். அந்த விரல்கள் என் நடுமுதுகில் காத்திருந்தன. கடைசி முடிச்சுப் போட்டதும் எடுத்துக்கொண்டன.

நிமிர்ந்தால் வாசலில் மகாராணி நின்றிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். செய்ததை, கேட்டதை, முதுகில் ஊர்ந்ததை.

அவள் நான் போட்ட தையலை இழுத்துப் பார்த்தாள். பிறகு வெள்ளையாகிப் போன முகத்தோடு கேட்டாள்:

"நான் தப்பு பண்ணும்போதெல்லாம் பின்னாடி 'ச்சு'ன்னு ஒரு சத்தம் கேட்கும். இத்தனை நாளா அது நீதான்னு நினைச்சேன். நீ இல்லையா?"

வேலை மகாராணிக்குக் கிடைத்தது. நியாயம்தான். அதைச் சொல்ல இன்றைக்கும் எனக்குப் பல்லைக் கடிக்க வேண்டியிருக்கிறது.

நான்கு வருடமாகச் சின்னதாக ஒரு கடை வைத்திருக்கிறேன். அம்பு எதுவும் வரவில்லை. போன செவ்வாய்க்கிழமை குளித்துவிட்டுத் துடைக்கும்போது இடது விலாவுக்குக் கீழே சிவப்பாக ஒன்று. உரித்தேன். மறுநாளும் அதே இடம். அதற்கடுத்த நாளும். வலி இல்லை, வீக்கம் இல்லை. ஆனால் அவள் ஒருநாளும் தப்பான இடத்தில் ஒட்டியதில்லை.

இன்று காலை ஸ்கேன் எடுக்கப் போனேன். படுக்க வைத்து, ஜெல் தடவி, அந்தப் பெண் கருவியை விலா ஓரமாக நகர்த்தினாள். ஓரிடத்தில் நிறுத்தினாள். திரையை உற்றுப் பார்த்தாள்.

"ச்சு."

அந்தப் பெண்ணின் முகத்தைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் உதடு அசையவே இல்லை.