ஒலி படாத ஆறு கிண்ணங்கள்

"கிண்ணங்களை யாரோ மாத்திட்டாங்க. யாருன்னும் எனக்குத் தெரியும்."

சொல்லிக்கொண்டே துப்பறியும் அம்மாளின் வீட்டுக்குள் வந்த ஆய்வு மாணவி ஓர் உறையை நீட்டினாள். ஆய்வுக்கூட உதவியாளர் மீது புகார். ஐந்து மணிக்கு அது துறைத் தலைவரிடம் போனால், உதவியாளரின் வேலை போய்விடும்.

அம்மாள் உறையைத் தொடவில்லை. "முதல்ல கிண்ணத்தைப் பத்திச் சொல்லுங்க."

ஒரே தண்ணீர்த் தொட்டியில் பன்னிரண்டு கிண்ணங்கள். எல்லாவற்றிலும் குருத்தெலும்புச் செல்கள். இடப்பக்க ஆறுக்கு மட்டும், காதுக்குக் கேட்காத மீயொலியை மாணவி தினமும் இருபது நிமிடம் அடியிலிருந்து செலுத்துவாள். அவைதான் வேகமாக வளர வேண்டும். இந்த முறை வலப்பக்கமும் வளர்ந்திருந்தது.

அம்மாளின் கொழுந்தன் எல்லாவற்றையும் வரிசை எண் போட்டு நோட்டில் எழுதினான். எழுத எழுதக் குழப்பம்தான் கூடியது. "ஆளு அவர்தான் அண்ணி," என்றான். உடனே, "இல்லையோ?" என்றான்.

ஆய்வுக்கூட வாசலில் கிடந்த கறுப்பு ரப்பர் விரிப்பில் மூவரும் செருப்புச் சேற்றைத் தேய்த்தார்கள். விரிப்பின் இரு ஓரத்திலும் சின்னதாக ஒரு வெட்டு. அதையும் கொழுந்தன் எழுதினான். எதற்கென்று அவனுக்கே தெரியவில்லை.

"வாங்க வாங்க," என்றார் உதவியாளர். "காலைலேர்ந்து எனக்குப் புரை ஏறிக்கிட்டே இருக்கு."

அம்மாள் பதிவேட்டைப் புரட்டினாள். "சராசரி மட்டும்தான் இருக்கு. தனித்தனிக் கணக்கு?"

மாணவி தேடிப்பிடித்து ஒரு தாளைக் கொடுத்தாள். வலப்பக்கத்தில், நடுவை ஒட்டிய இரண்டு கிண்ணங்களில் நல்ல வளர்ச்சி. அடுத்த இரண்டில் கொஞ்சம். கடைசி இரண்டில் இல்லவே இல்லை.

"மாத்தியிருந்தா இடப்பக்கம் குறைஞ்சிருக்கணும். குறையல. வலப்பக்கம்தான் படிப்படியா குறையுது, அடுப்பை விட்டுத் தள்ளிப் போகப் போகச் சூடு குறையற மாதிரி. ஒலி இந்தப் பக்கம் கசிஞ்சிருக்கு," என்றாள் அம்மாள்.

"நடுவுலதான் தடுப்பு இருக்கே!" மாணவி தொட்டிக்குள் பார்த்தாள். தினமும் கிண்ணங்களையே பார்த்த கண்ணுக்கு இப்போதுதான் தெரிந்தது. நடுவில் எதுவுமே இல்லை.

கொழுந்தன் நோட்டைப் பார்த்தான். வாசலுக்கு ஓடி விரிப்பைத் தூக்கி வந்தான். அதன் வெட்டுகள் தொட்டி விளிம்பில் கச்சிதமாக உட்கார்ந்தன.

"அண்ணே, நீங்களா எடுத்தீங்க?" மாணவி உதவியாளரிடம் கேட்டாள்.

"தரையில கிடந்துச்சும்மா. வீணாப் போகுதேன்னு வாசல்ல போட்டேன்."

அம்மாள் பதிவேட்டின் ஒரு வரியில் விரல் வைத்தாள். இந்தச் சுற்று தொடங்கிய நாள். 'தொட்டியைக் கழுவினேன்.' மாணவியின் கையெழுத்து.

"கழுவறதுக்காகத் தடுப்பைக் கழட்டினது நான்தான். திரும்பப் போடல," என்றாள் அவள்.

"அப்போ மீயொலி வேலை செய்யுதா, செய்யலையா?" என்றான் கொழுந்தன்.

"கசிஞ்ச ஒலிக்கே வளர்ந்த மாதிரிதான் இருக்கு. தடுப்பைப் போட்டு இன்னொரு தடவை பார்த்தாத்தான் சொல்ல முடியும்," என்றாள் அம்மாள்.

உதவியாளர் ரப்பரைக் கழுவ எடுத்துக்கொண்டார். "எல்லாம் சரி, நாளைக்கு மழை பெஞ்சா காலை எதுல தொடைக்கிறது?"

"நான் ஒரு மிதியடி வாங்கிட்டு வரேண்ணே."

"அது என்னம்மா கையில?"

உறை அவள் கைக்குள் உருண்டையாகக் கசங்கியிருந்தது.

"குப்பைண்ணே," என்றாள்.