யாரும் கூப்பிடாத லிஃப்ட்

மூன்று நாளாக, மதியம் கட்டடமே அடங்கிக் கிடக்கும் நேரத்தில், யாரும் கூப்பிடாமலே லிஃப்ட் ஐந்தாம் மாடியில் வந்து நின்றது. கதவு திறக்கும். உள்ளே ஆள் இருக்காது. மஞ்சள் வெளிச்சம் வராந்தாவில் விழுந்து, அவள் வீட்டு வாசல்வரை நீண்டு, யாருக்கோ காத்திருப்பதுபோல் சற்று நேரம் கிடக்கும். பிறகு கதவு மூடிக்கொள்ள, கம்பிக் கயிறுகள் முனகியபடி லிஃப்ட் கீழே இறங்கிப் போகும். கதவிலிருந்த கண்ணாடித் துளை வழியாக அவள் அதைப் பார்த்துக்கொண்டே நிற்பாள்.

அவளுக்குப் பதினாறு வயது. கூடப் படிக்கும் பெண்ணின் கையில் காம்பஸ் முனையை இறக்கியதற்காகப் பள்ளியிலிருந்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அப்பா வேறொரு குடும்பத்தோடு போய் வருஷங்கள் ஆகின்றன. அம்மாவுக்குப் பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசை வேலை. நாள் முழுக்க ஊரார் வலிக்கெல்லாம் சிரித்த முகம் காட்டிவிட்டு, சாயங்காலம் பெற்ற மகளிடம் வாய் திறக்கவும் தெம்பில்லாமல் வந்து சேருவாள்.

நான்காம் நாள் லிஃப்டுக்குள் அவன் நின்றிருந்தான். பழுது பார்க்க வந்திருக்கும் மெக்கானிக். இருபத்திரண்டு வயதிருக்கும். நீலச் சட்டை, நகக்கண்ணில் கிரீஸ், இமைக்க மறந்ததுபோல் ஒரு பார்வை.

"தினம் அனுப்புறேன். ஏறவே மாட்டேங்கிறியே?"

அவளுக்குப் பயம் வந்திருக்க வேண்டும். சிரிப்புதான் வந்தது.

"ஸ்கூல்ல ஒருத்தியைக் குத்திட்டியாமே. ஆழமா போச்சா?"

ஏன் குத்தினாய் என்று எல்லோரும் கேட்டார்கள். ஆழத்தைக் கேட்டவன் இவன் ஒருவன்தான். அன்று முழுக்க மொட்டைமாடிப் படியில் உட்கார்ந்து, அவள் பேசப் பேச, அவன் கேட்டுக்கொண்டே இருந்தான்.

"இப்ப யார் மேல கோபம்?"

"எல்லார் மேலயும்."

"எல்லாரும்னா நேரமாகும். ஒருத்தரைச் சொல்லு."

மூன்றாம் மாடி ஆன்ட்டியைச் சொன்னாள். அவளைப் பற்றி அம்மாவிடம் கோள்மூட்டுவதே அந்த ஆன்ட்டிக்குப் பிழைப்பு. மறுநாள் மதியம் ஆன்ட்டி ஏறிய லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்று, விளக்கும் அணைந்தது. அவர்கள் இருவரும் படியில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றபடி கேட்டார்கள். முதலில் அதட்டல். பிறகு கதவைத் தட்டும் ஓசை. பிறகு கெஞ்சல். கடைசியில், பெரிய மனுஷி ஒருத்தி குழந்தையைப்போல விம்மும் சத்தம். முதலில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தவள், கடைசியில் பிஸ்கட்டைக் கீழே வைத்துவிட்டாள்.

"போதும், விட்டுடுங்க."

அவன் கண்களை மூடியிருந்தான். "இரு. இன்னும் பாட்டு முடியல."

அப்போதே அவள் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தியிருக்கலாம். ஆனால் அடுத்த நாளும் தலை வாரிக்கொண்டு கண்ணாடித் துளையருகே நின்றாள்.

அம்மா மோப்பம் பிடித்துவிட்டாள். மகளின் துப்பட்டாவில் கிரீஸ் வாடை. கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. "நாளைக்கே அபார்ட்மென்ட் செக்ரட்டரிகிட்ட சொல்லி அந்தப் பயலை இந்தப் பக்கமே வரவிடாம பண்றேன், பாரு."

மறுநாள் அவள் அழுதபடி அவனிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். "அம்மான்னு ஒருத்தி இல்லாமலே இருந்திருக்கலாம்" என்றாள்.

"எத்தனை மணிக்கு வருவாங்க?"

"ஆறு ஆகும்." பிறகு அவசரமாகச் சொன்னாள்: "சும்மா கொஞ்சம் பயமுறுத்துங்க. அவ்வளவு போதும்."

"பயம்தானே?" என்றான்.

ஆறு மணிக்குப் படிக்கட்டு விளக்குகள் அணைந்தன. கீழே கதவு திறக்கும் ஓசை. ஒரு சின்ன அலறல். அப்புறம் ஏதோ தொப்பென்று விழுந்த சத்தம். அவள் வராந்தாவுக்கு ஓடிவந்தாள். லிஃப்ட் ஐந்தாம் மாடியிலேயே நின்றிருந்தது. திறந்தபடி. மஞ்சள் வெளிச்சத்தோடு. உள்ளே ஆளில்லை.

டக். டக். டக்.

தட்டும் சத்தம் மட்டும் கேட்டது. எங்கிருந்து? லிஃப்டுக்குள்ளிருந்தா? அவள் உள்ளே கால் வைத்தாள். சத்தம் அங்கே இல்லை. அதற்கும் அடியில். வெகு கீழே.

பின்னாலேயே வந்து வாசலை மறித்து நின்றான் அவன்.

"அம்மா எங்கே?"

"கீழ்த்தளத்துக்கு அடியில ஒரு பள்ளம் இருக்கு. லிஃப்ட் வராமலே கதவை மட்டும் திறந்து வெச்சேன். இருட்டுல பார்க்காம காலை வெச்சுட்டாங்க. கதவும் மூடிக்கிச்சு." அவன் குரல் இதமாக இருந்தது. "லிஃப்ட் இறங்கினாலும் ஒண்ணும் ஆகாது. தரையோட தரையா படுத்துக்கணும், அவ்வளவுதான். ஆனா அது அவங்களுக்குத் தெரியாதே."

கையை நீட்டி, கடைசிப் பொத்தானை அழுத்தினான். அவள் பாய்வதற்குள் கதவு மூடிக்கொண்டது. கதவின் சிறு கண்ணாடிக்கு வெளியே அவன் முகம். கண்களை மூடியிருந்தான். கேட்பதற்காக.

லிஃப்ட் இறங்கியது. மெதுவாக. மிக மெதுவாக.

எல்லாப் பொத்தான்களையும் அழுத்தினாள். எதுவும் வேலை செய்யவில்லை. நான்கு. மூன்று. மண்டியிட்டு, தரையில் வாயை வைத்துக் கத்தினாள்.

"அம்மா! படுத்துக்கோ! படுத்துக்கோம்மா!"

தட்டல் நின்றது. அம்மாவுக்குக் கேட்டுவிட்டது. ஆனால் வார்த்தை கேட்கவில்லை. மகள் அலறுவது மட்டும்தான் கேட்டது.

"உள்ள மாட்டிக்கிட்டியாடி?" கீழிருந்து குரல் வந்தது. இத்தனை வருஷத்தில் கேட்டிராத மென்மையோடு. "பயப்படாத கண்ணு. அம்மா இங்கதான் இருக்கேன்."

"படுத்துக்கோ!"

"வந்துட்டேன்டா."

இரண்டு. ஒன்று.

அவள் கன்னத்துக்கு நேர் அடியில், இரும்புத் தகட்டை இரண்டு உள்ளங்கைகள் தொட்டன. எழுந்து, எக்கி நின்று, மகளை எட்டிப் பிடிக்க.