நாலாவது எண்

"ஒன்னு, ரெண்டு, மூணு" என்று ரிசீவரில் சொன்னான் டெக்னீஷியன். எதிரொலி திரும்பி வந்தது: "ஒன்னு, ரெண்டு, மூணு, நாலு."

அவன் குரல்தான். நாலு மட்டும் அவன் சொல்லவில்லை.

சூடேறிய பிளாஸ்டிக் நாற்றமும், விசிறிகளின் ஓயாத இரைச்சலும், வரிசை வரிசையாகக் கண் சிமிட்டும் பச்சை விளக்குகளுமாக இருந்த அந்த ஜன்னலில்லாத நிலவறையில், டிவியும் இன்டர்நெட்டும் ஓடிக்கொண்டிருந்த கேபிளிலேயே போன்களையும் ஏற்றும் வேலை காலையிலிருந்து நடந்துகொண்டிருந்தது. புது இணைப்பை ஒரு நாள் முழுக்க ஓடவிட்டுப் பார்த்த பிறகே பழைய ஒயரை வெட்ட வேண்டும். சாயங்காலம் மகளுக்குப் பிறந்தநாள். அவசரத்தில் முதல் இரண்டு போன்களின் ஒயரை மதியமே வெட்டிவிட்டான். ஒன்று அவன் வீட்டு போன். இன்னொன்று இந்த அறையின் போன். இதில் கூப்பிட்டால்தான் மேலே காவலாளி பட்டனை அழுத்துவார், கதவு திறக்கும். செல்போனுக்கு இங்கே சிக்னல் கிடையாது.

காவலாளியைக் கூப்பிட்டான்.

"அண்ணே, கதவைத் திறங்க."

"ஹலோ? யாருப்பா? வாய்க்குப் பூட்டா?"

அவருக்குக் கேட்கவில்லை. புது இணைப்பில் சகஜமான கோளாறு என்று அவன் நினைக்கும்போதே, அவன் குரல் அவருக்குப் பதில் சொன்னது: "நான்தாண்ணே. சும்மா டெஸ்ட். கீழ்க் கதவைத் திறக்காதீங்க."

"நீதான் அப்பவே டாட்டா காட்டிட்டுப் போயிட்டியே. காலி ரூமுக்குக் கதவு எதுக்கு?"

சிரித்துக்கொண்டே வைத்துவிட்டார்.

கதவை உதைத்தான். இரும்பு. சத்தத்தை விசிறிகள் விழுங்கின.

வீட்டுக்கு அடித்தான். மனைவி எடுத்தாள். பின்னால் பலூன் உரசும் சத்தம்.

"யார் வந்தாலும் கதவைத் திறக்காதே!"

"ஹலோ? என்னங்க, நீங்களா? எங்க இருக்கீங்க?"

"வாசல்லதான்" என்றது அவன் குரல். "கை நிறைய சாமான். வந்து திற."

"அதிசயமா நேரத்துக்கு வந்துட்டீங்களே! பாப்பா, அப்பா வந்தாச்சு, ஓடு!"

கேபிளைப் பிடுங்கினான். பச்சை விளக்குகள் அணைந்தன. எல்லாம்.

ரிசீவர் சாகவில்லை.

சின்னக் கால்கள். தாழ்ப்பாள்.

"அப்பா!"

பிறகு சத்தமில்லை.

இருட்டு. கையில் கேபிள். காதில் ரிசீவர்.

"ஒன்னு" என்றது மகள் குரல், மிக அருகே.

"ரெண்டு." மனைவி.

"மூணு." அவன் குரல்.

நாலை யாரும் சொல்லவில்லை. மூன்று குரல்களும் அவனுக்காகக் காத்திருந்தன.