இருபத்து மூன்றாம் கட்டம்

கட்டத்துக்குள் புல் மட்டுமே இருந்தது.

கால்பந்து மைதானத்தின் கூரைக்கடியில், இரும்புப் படிகள் ஏறி வந்து முடியும் மேடையில், தன் கேமராவுக்குப் பின்னால் அவள் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தாள். பதினெட்டு வருடம் அவள் கை திருப்பிய கேமரா. போன வாரம் அதன் கழுத்துக்குக் கீழே ஒரு மோட்டாரைப் பொருத்தி, இனி ஓடுகிறவர்களை அதுவே பின்தொடரும் என்று அறிவித்துவிட்டார்கள். தலைமைத் தொழில்நுட்ப அதிகாரி நாற்பது நிமிடம் பேசினார். மனிதக் கை நடுங்கும், களைக்கும், விடுப்புக் கேட்கும் என்றார். ரிப்பனை வெட்டிய கத்தரிக்கோலோடு லென்ஸ் மூடியையும் யாரோ தட்டில் வைத்து எடுத்துப் போனார்கள், மூடி திரும்பி வரவில்லை. கைப்பிடியில் ‘தொடாதே’ என்று ஒரு தாளை ஒட்டி, அவளுக்கு மேற்பார்வையாளர் என்று புதுப் பதவி கொடுத்தார்கள். நாற்காலி பழையதுதான்.

களத்தில் இருக்கும் ஒவ்வொரு ஆட்டக்காரரைச் சுற்றியும் இயந்திரம் கேமராத் திரையில் ஒரு பச்சைக் கட்டம் போட்டு எண் கொடுக்கும். இருபத்திரண்டு பேர், இருபத்திரண்டு கட்டங்கள். பதினொன்று அவள் மகன். அவனுக்கு இது முதல் இறுதிப் போட்டி.

“அம்மா, என்னைக் கொஞ்சம் அழகா காட்டு,” என்று காலையில் ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டே சொன்னான்.

“இனிமே அது என் கையில இல்லடா. மெஷின்கிட்ட கேளு.”

“அதுக்கு என் மூஞ்சி பிடிக்குமா?”

“பெத்தவளுக்கே பழக நாளாச்சு.”

இப்போது மூலைக்கொடியின் அருகே, வெறும் புல்லைச் சுற்றி, இன்னொரு கட்டம். மேலே 23.

கேமராக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. புதிதாக வருகிறவன் ஒரு கண்ணை மூடிக்கொண்டு வியூஃபைண்டரில் பார்ப்பான்; தேறியவர்கள் இரண்டையும் திறந்தே வைத்திருப்பார்கள். ஒரு கண் படத்தில், ஒரு கண் களத்தில். அவள் குனிந்து வலக்கண்ணை வைத்தாள். கட்டம் இருந்தது. இடக்கண்ணில் கொடி மட்டும், காற்றில்லாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

காதுக்கருவியில் அதிகாரியை அழைத்தாள். “சார், இருபத்து மூணுன்னு ஒண்ணு காட்டுது. உள்ள யாருமில்ல.”

கீழே கண்ணாடி அறையிலிருந்து குரல் வந்தது. “நிழலா இருக்கும் அக்கா.”

“வெயிலே இல்லையே சார்.”

கொஞ்சம் யோசித்தார். “அப்போ அது மேம்பட்ட நிழல்.”

கட்டம் நடக்கத் தொடங்கியது. ஓடவில்லை, அவசரமே இல்லாமல், வீட்டுக்குள் செருப்பைத் தேடுகிறவரைப் போல நடந்தது. மோட்டார் மெல்ல முனகியபடி அதை நடுவிலேயே வைத்துக்கொண்டு திரும்ப, சூடான ரப்பர் வாசனை மேலேறி அவள் தொண்டையில் ஒட்டியது. கூட்டத்தின் இரைச்சல் எல்லாம் தண்ணீருக்கடியிலிருந்து வருவதுபோல மங்கிக்கொண்டே போனது. கட்டம் ஒன்பதாம் எண்ணுக்குப் பின்னால் போய் நின்றது.

ஒன்பது விழுந்தான். பக்கத்தில் எவரும் இல்லை. மருத்துவர்கள் ஓடினார்கள், ஸ்ட்ரெச்சரில் தூக்கிப்போனார்கள்.

அவனுடைய கட்டம் போகவில்லை. புல்லின்மேல் காலியாக நின்றது. பிறகு இருபத்து மூன்றின் பின்னாலேயே நடந்தது.

“சார், மெஷினை நிறுத்துங்க.”

“நேரலைல நிறுத்தவா? அமைச்சர் பார்த்துட்டிருக்காரு. மெஷின் தப்பு பண்ணாது அக்கா.”

“அதான் சார் பயமா இருக்கு.”

பந்து எதிர் முனைக்குப் பறந்தது. கேமரா சட்டென்று அங்கே திரும்பியது. நூறு மீட்டர். மூச்சுவிடும் நேரம்கூட ஆகவில்லை. ஆனால் இருபத்து மூன்று அங்கே முன்பே நின்றுகொண்டிருந்தது, படத்தின் ஓரத்தில். கேமரா பழைய இடத்துக்குத் திரும்பியதும், இங்கேயும். அவளுக்குப் புரிந்துவிட்டது. அதற்கென்று களத்தில் இடம் கிடையாது. கேமரா எங்கே பார்க்கிறதோ, அங்கேதான் அதற்கு இடம்.

இரண்டு கட்டங்களும் இடது ஓரத்தை நோக்கி நடந்தன. அங்கே பதினொன்று, இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான்.

பத்து அடி.

ஆறு அடி.

அவள் தாளைக் கிழித்தாள்.

இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்து இழுத்தாள். மோட்டார் எதிர்த்து இழுத்தது. முழங்காலைக் கம்பியில் ஊன்றி, பல்லைக் கடித்து, களத்துக்கு முதுகு காட்டும்வரை கேமராவைத் திருப்பினாள். லென்ஸ் இப்போது இரும்புப் படிகளைப் பார்த்தது. காலிப் படிகள்.

“என்னக்கா பண்றீங்க? ஊரே படிக்கட்டைப் பார்க்குது. கையை எடுங்க.”

“கை நடுங்கும்னீங்களே சார். பாருங்க, நடுங்குதான்னு.”

காதுக்கருவியைக் கழற்றிக் கீழே போட்டாள். முதுகுக்குப் பின்னால் பந்து உதைபடும் சத்தம். மகனின் குரல், பந்தைக் கேட்டு. ஓடுகிறான். இருக்கிறான். ஆட்டம் முடிய இன்னும் பதினொரு நிமிடம்.

கீழே கடைசிப் படியில் பச்சைக் கோடு தெரிந்தது. 23. அதன் பின்னால் 9.

“வா,” என்றாள். “அவனை விட்டுட்டு இங்க வா.”

ஒரு படி. கேமரா களத்தின் பக்கம் திமிறியது, அவள் விடவில்லை. இன்னொரு படி. கைப்பிடி உள்ளங்கையைக் கிழித்தது. இடக்கண்ணில் துருப்பிடித்த இரும்பு, ஒரு நசுங்கிய தேநீர்க் கோப்பை, வேறொன்றுமில்லை. வலக்கண்ணில் கட்டம் பெரிதானது. பாதிப் படம். முக்கால். கோடுகள் ஓரத்தைத் தாண்டி மறைந்தன. இப்போது படம் முழுக்க அதற்குள்தான் இருந்தது.

நசுங்கிய கோப்பை லேசாக உருண்டது.

ஒரு கண்ணை மூடிக்கொள்ளலாம். புதியவர்கள் செய்வதுதான். அவள் மூடவில்லை.

வியூஃபைண்டர் இருண்டது. அந்த இருட்டு ஈரமாகப் பளபளத்தது, நடுவில் சுருங்கியது. லென்ஸின் அந்தப் பக்கத்தில் ஒரு கண், ஒட்டினாற்போல், உள்ளே பார்த்துக்கொண்டிருந்தது.