முதலில் தாவிய வீடு

கட்டங்காப்பியின் ஆவி அடங்குவதற்குள் வீட்டின் மின்நிறுவனத்தை மாற்றிவிடுவது ஞானசிகாமணியின் நெடுநாள் வழக்கம். மின்விலை மணிக்கொரு முறை ஏறி இறங்கிய அந்த ஆண்டுகளில், நாகர்கோவிலின் வீட்டுச் சுவர்களிலெல்லாம் 'மின்தாவி' என்னும் சிறு கருவி இருந்தது. மலிவான நிறுவனத்தைத் தேடி அது வீட்டைத் தாவச் செய்யும். ஒவ்வொரு தாவலுக்கும் ஒரு மணி நேரம் மின்சாரம் நிற்கும். பலரும் முடிவைக் கருவியிடமே விட்டிருந்தனர். ஞானசிகாமணி மட்டும் தம் கையால் பொத்தானை அழுத்துவார்.

"சட்டை மாத்துத மாதிரி கரண்ட மாத்துதீங்க. தேங்காய நான் பல்லாலயா அரைக்க?" என்பாள் மனைவி எலிசா.

"பொறுடி. இந்தத் தெருவுக்கே நாந்தான் வழிகாட்டி."

அது வெறும் பெருமையன்று. மின்தாவிகள் ஒன்றையொன்று கவனித்தன. சரியான வேளையில் தாவிப் பழகிய வீட்டின் பின்னே மற்றவையும் தாவின.

எதிர்வீட்டு லீலாபாய் மட்டும் நிறுவனம் மாறவேயில்லை. அவள் கணவர் பொன்னுமுத்து மூச்சுக் கருவியின் துணையால் உயிர் வாழ்ந்தார். அதன் பேட்டரி அரை மணி நேரமே தாங்கும்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு, இரண்டு காசு குறைவென்று ஞானசிகாமணி 'தென்காற்று' நிறுவனத்தை விட்டு விலகினார். ஐந்தே நிமிடத்தில் நானூறு வீடுகள் பின்தொடர்ந்தன. வாடிக்கையாளர்களை இழந்த தென்காற்று ஏழே காலுக்கு மூடப்பட்டது. அதில் எஞ்சியிருந்த ஒரே வீடான லீலாபாயின் வீட்டில் மின்சாரம் நின்றது.

வயரை இழுத்துக்கொண்டு அவள் ஓடிவந்தாள். "அண்ணே, ஒரு பிளக்கு தாங்க! அவருக்கு மூச்சு..."

"தாவல் நடக்குதே தங்கச்சி. எட்டு மணிக்குத்தான் கரண்டு வரும்."

தெரு முழுவதும் அதே பதில். எட்டு மணி தாண்டியதும் தாவிய வீடுகளிலெல்லாம் விளக்கு எரிந்தது. பொன்னுமுத்து அதற்கு முன்பே இறந்துவிட்டார்.

அடக்கம் முடிந்ததும் ஞானசிகாமணி தம் கருவியிடம் கேட்டார்: "எல்லாரும் ஏன் விலகினாங்க?"

"நீங்கள் விலகியதால்."

நிறுவனம் மூடப்பட்டுத் தனித்துவிட்ட வீட்டுக்கு மறு இணைப்புக் கிடைக்க நாற்பது நாள் காத்திருக்க வேண்டும் என்பது விதி. துக்க வீடு இருண்டு கிடந்தது. ஞானசிகாமணி மின் அலுவலகத்துக்குப் போய், தம் இணைப்பை லீலாபாயின் பெயருக்கு எழுதிக்கொடுத்தார்.

"அப்ப ஒங்க வீடு, சார்?" என்றாள் எழுத்தர்.

"அவ எடத்துல நாங்க காத்துக் கெடக்கோம்."

அன்று மாலை அவர் வீடு இருண்டது. உடனே நானூறு மின்தாவிகளும் தம் வீட்டாரிடம் முதன்முறையாகக் கேட்டன: "ஞானசிகாமணி இருளுக்குத் தாவியிருக்கிறார். காரணம் விளங்கவில்லை. பின்தொடரவா?" முடிவெடுத்துப் பழக்கமில்லாத மனிதர்கள் கருவியின் முன் விழித்து நின்றார்கள்.

எதிர்வீட்டு வாசலில், புதிதாய் எரிந்த விளக்கின் கீழே, ஞானசிகாமணி தலைகுனிந்து சொன்னார்: "மொதல்ல தாவுனது நாந்தான், தங்கச்சி. ரெண்டு காசுக்கு."

லீலாபாய் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது செவ்வாக்கெழம வந்திருக்கப்பிடாதா, அண்ணே?"