இடப்பக்கக் கண்ணாடி

டிப்பர் லாரி நின்றுவிடும் என்றுதான் ஸ்ரீகுமாரி நினைத்தாள். சிவப்புக் கொடியை உயர்த்தி, விசிலை நீட்டி ஊதியும், அதன் பின்சக்கரங்கள் செம்மண் சேற்றைப் பிதுக்கிக்கொண்டு இன்னும் இரண்டு முழம் பின்னால் உருண்ட பிறகே அடங்கின. ஓடை விளிம்பில் குத்தவைத்துக் கல் அடுக்கிக்கொண்டிருந்த புஷ்பபாயின் முதுகுக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஒரு கூடை வைக்கத்தான் இடம் இருந்தது.

ஸ்ரீகுமாரி கதவில் ஓங்கித் தட்டினாள். ஓட்டுநர் ஜெனில் எட்டிப் பார்த்தான். நிதானமான பையன், வண்டியில் ஏறினால் போனைத் தொடமாட்டான்.

"நீங்கதானே அக்கா பின்னால நின்னு வா வான்னு கை காட்டினிய?"

"நான் இஞ்ச, உன் கதவுப் பக்கமில்லியா நிக்கேன், மக்கா."

அவன் இடப்பக்கக் கண்ணாடியைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

காரோடு ஊரில் புதுச்சாலைக்கு மண் நிரப்பும் வேலை. வண்டிகளுக்கு நடுவே நடமாடுகிறவர்கள் சக்கரத்தில் மாட்டாமல் பார்த்துக்கொள்வது ஸ்ரீகுமாரியின் பொறுப்பு. டிப்பர் பின்னால் வரும்போது ஓட்டுநர் அவள் ஒருத்தியின் கையைத்தான் நம்ப வேண்டும். மூன்று வாரத்துக்கு முன்புவரை இதே ஆரஞ்சுச் சட்டையில் அந்தக் கொடியோடு நின்றவள் பிந்து. பின்னால் வந்த டிப்பரின் ஓட்டுநருக்கு அவள் தென்படவில்லை. இரைச்சல் தாங்கவில்லை என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் சொன்னதால் ரிவர்ஸ் ஹாரனின் வயரைப் பிடுங்கிப் போட்டிருந்தார்கள். பிந்து செத்த பிறகும் அதை யாரும் மாட்டவில்லை.

மணி நாலுதான். ஆனால் கடல் பக்கமிருந்து ஏறி வந்த மழைக்கருக்கல் வெளிச்சத்தைக் குடித்துவிட்டது. டீசல் புகையும் கிளறிய மண்ணின் வாடையும் தரையோடு தேங்கி நிற்க, எங்கோ ஓயாமல் இரைந்த ஜெனரேட்டரின் சத்தம் மனிதக் குரல்களையெல்லாம் மூடிப்போட்டது. மண் இறக்கி முடியும்வரை ஓடையில் கல் அடுக்கும் ஆறு பேரையும் தள்ளி நிறுத்தலாமா என்று சூப்பர்வைசர் சுனில்குமாரிடம் கேட்டாள்.

"ரெண்டு வேலையும் ஒண்ணிச்சு நடக்கணும் ஆக்கும். சேச்சி கண்ணத் தொறந்து நில்லுங்க, போரும்."

புஷ்பபாயிடமே போய்ச் சொன்னாள். எழுந்து போனால் நாளைக்கு வேலைக்குக் கூப்பிடமாட்டார்கள் என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த கல்லைத் தூக்கினாள்.

திரும்பி வந்து ஸ்ரீகுமாரி கேபினில் ஏறினாள். இடப்பக்கக் கண்ணாடியில் ஆறு முதுகுகள் தெரிந்தன. அவற்றுக்கு முன்னால் ஆரஞ்சுச் சட்டை போட்ட ஒருத்தி. கண்ணாடியின் விளிம்பு அவளைக் கழுத்தோடு வெட்டியிருந்தது. ஒரு கை மட்டும் அவசரமில்லாமல் மடிந்து விரிந்து கூப்பிட்டுக்கொண்டிருந்தது. ஸ்ரீகுமாரி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பார்த்தாள். ஆறு பேர்தான். கண்ணாடியில், ஏழு.

ஜெனில் கியரிலிருந்து கையை எடுத்தான். இறங்கிப் போய்விடுகிறேன் என்றான். நீ போனால் வேறு ஆள் ஓட்டுவான் என்று கீழேயிருந்து சுனில்குமார் சத்தம் போட்டான். அந்த வேறு ஆளுக்கு எதுவும் தெரிந்திருக்காது என்பதுதான் ஸ்ரீகுமாரியைப் பயப்படுத்தியது.

"அந்த எடத்தில நானே நிக்கேன்," என்றாள். "கைய விரிச்சுத் தூக்குவேன். கண்டதும் நிறுத்து. வேற எதையும் பாக்காதே."

ஜெனில் தலையாட்டி, அவள் இறங்கியதும் வண்டியை முன்னால் எடுத்தான்.

மழை விழத் தொடங்கியது. ஓடைக்காரர்கள் பிளாஸ்டிக் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு குனிந்தே இருந்தார்கள். அவர்களுக்கு முதுகைக் காட்டி, டிப்பரைப் பார்த்து ஸ்ரீகுமாரி நின்றாள். வலக்கையைத் தூக்கினாள். விரல்களை விரித்தாள்.

டிப்பர் பின்னால் வந்தது.

பத்தடி. கண்ணாடியில் ஜெனிலின் கண்கள். அவளையேதான் பார்த்தன. அவளை மட்டும்.

எட்டடி. விசிலை ஊதினாள். மழை நிறைந்த விசில். காற்றுதான் வந்தது.

ஆறடி. திரும்பிக் கத்த நினைத்தாள். கழுத்து திரும்பவில்லை. கால் பெயரவில்லை.

ஜெனில் தலையசைத்தான். முகத்தில் பயமே இல்லை. சொன்னதைக் கேட்கிறவனின் முகம்.

நாலடி.

ஸ்ரீகுமாரி அண்ணாந்து தன் கையைப் பார்த்தாள். ஐந்து விரல்களும் மெதுவாக மடிந்தன. விரிந்தன. மடிந்தன.

வா. வா.